வீட்டு இணையமும் வீட்டுத் தலைவரின் பொறுப்பும்



நம் முன்னோர் கம்பத்து வீடுகளில் குடியிருந்த காலத்தில், பல குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரே தண்ணீர்க் குழாய் இருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். விடியற்காலையில் வாளியும் தவலையுமாக எல்லாரும் அங்கே கூடுவர். குழாயை மூடாமல் சென்றவர் யார் என்பதில் சில நாட்களில் வாக்குவாதமும் எழும். இன்று ஈசூன் அடுக்குமாடி வீடுகளில் சமையலறைதோறும் தனிக் குழாய் இருக்கிறது. ஆயினும் வேறொரு குழாய் பொதுவாகிவிட்டது. அதுதான் இணையம். சந்தா ஒருவர் பெயரில் இருக்கிறது, உபயோகிப்பவரோ பலர்.

அந்த இணைப்பின் வழியாக ஒருவர், பிறருக்கு உரிமையான திரைப்படத்தையோ பாட்டையோ நூலையோ அனுமதியின்றி இறக்கிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டியவர் யார்? செய்தவரா? சந்தாவில் பெயருள்ளவரா? இம்மாதப் பாடத்திற்கு இக்கேள்வியை எடுத்துக்கொண்டுள்ளோம். நம்மில் பலர் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்டிருக்கிறோம். வளர்ந்த பிள்ளைகள் இருக்கின்றனர். விருந்தினர் வந்து போகின்றனர். ஆகவே இது நம் வீட்டு விஷயமேயன்றி ஊரார் விஷயம் அன்று.

ஓர் உதாரணம்

பாடம் எளிதில் விளங்கும்பொருட்டு ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ஈசூனில் ஒரு நான்கறை வீடு. குடும்பத் தலைவர் ஐம்பது வயதைக் கடந்தவர். மூத்த மகன் தேசிய சேவையில் இருக்கிறான். மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறாள். ஓர் அறையில் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த இரண்டு இளைஞர்கள் வாடகைக்கு இருக்கின்றனர். இணையச் சந்தா தலைவரின் பெயரில் உள்ளது. கடவுச்சொல்லை ஒரு துண்டுத் தாளில் எழுதி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

ஒருநாள் வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றிலிருந்து கடிதம் வருகிறது. குறிப்பிட்ட தேதியில், இரவு 11.40 மணிக்கு, தங்கள் இணைப்பின் வழியாக ஓர் ஆங்கிலத் திரைப்படம் உரிமையின்றிப் பகிரப்பட்டது. உடனே பணம் செலுத்திச் சமரசம் செய்துகொள்ளாவிடில் நடவடிக்கை எடுக்கப்படும் என்பது கடிதத்தின் சாரம்.

அன்றிரவு அவர் இஷாத் தொழுகை முடிந்து வந்து உறங்கிவிட்டவர். மகனைக் கூப்பிட்டுக் கேட்டார். "நான் எந்தப் படத்தையும் இறக்கவில்லை, அத்தா," என்றான். மகளும் அவ்வாறே சொன்னாள். மனைவி, "அந்த அறைப் பையன்களாகத்தான் இருக்கும். இந்த மாதத்தோடு காலி செய்யச் சொல்லிவிடுங்கள்," என்றார். தலைவருக்கோ இரு எண்ணம். பணத்தைக் கட்டித் தொலைத்துவிடுவதா? பையன்களை வெளியே அனுப்புவதா?

இரண்டும் அவசரத்தில் எடுக்கும் முடிவுகள். அவசரம் ஏன் தவறு என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

முகவரி காட்டுவது வாசலை; கையை அன்று

இணையத்தில் சேரும் ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் எண் முகவரி வழங்கப்படுகிறது. வீட்டிலுள்ள ரவுட்டர் என்னும் பெட்டி அந்த முகவரியைப் பெற்று, வீட்டுக்குள் உள்ள கைப்பேசி, கணினி, தொலைக்காட்சி ஆகிய அனைத்திற்கும் பொதுவாக உபயோகிக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பத்துக் கருவிகளும் ஒரே முகவரியாகவே தோன்றும்.

அந்நாளில் தாயகத்திலிருந்து பிழைப்புக்கு வந்த நம்மவர் பலர், நிலையான இருப்பிடம் இல்லாமையால், தெரிந்தவர் கடையின் முகவரியையே கடிதத்துக்குக் கொடுத்து வைத்தனர். ஒரு கடைக்குப் பத்துப் பேரின் கடிதங்கள் வரும். முகவரியைக் கொண்டு கடையைக் கண்டுபிடிக்கலாம். கடிதம் எழுதிய கையைக் கண்டுபிடிக்க முடியாது. இணைய முகவரியும் இவ்வாறே.

உரிமையாளர்கள் அந்த முகவரியை எவ்வாறு அறிகின்றனர்? டோரண்ட் என்னும் முறையில் ஒரு படம் சிறுசிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. அதை வாங்கிக்கொள்பவர், வாங்கிய துண்டுகளை அதே நேரத்தில் மற்றவர்களுக்கும் கொடுத்துக்கொண்டிருப்பார். வாங்குவது மட்டுமே தம் வேலை என்று அவர் எண்ணினாலும், அவரது கணினி விநியோகமும் செய்கிறது. படம் முழுதாக வந்து சேர்ந்த பின்னரும், அந்தச் செயலியை மூடாதவரை விநியோகம் தொடரும். உரிமையாளர் அமர்த்திய நிறுவனம் அக்கூட்டத்தில் தானும் ஒருவராகச் சேர்ந்து, துண்டுகள் எந்தெந்த முகவரியிலிருந்து வருகின்றன என்பதைத் தேதியோடும் நேரத்தோடும் குறித்துக்கொள்கிறது.

அவர்களிடம் இருப்பது முகவரியும் நேரமும் மட்டுமே. அந்த நேரத்தில் அம்முகவரி எந்தச் சந்தாதாரருக்கு வழங்கப்பட்டிருந்தது என்பது இணையச் சேவை நிறுவனத்துக்கே தெரியும். அந்நிறுவனம் அவ்விவரத்தை வெளியிட வேண்டுமானால், பொதுவாக நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். கடிதம் வருவதற்கு முன்னால் நடப்பது இதுவே. உத்தரவு கிடைத்தது என்பதால் சந்தாதாரர் குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டதாகப் பொருள் இல்லை. விசாரிப்பதற்கு ஒரு வாசல் காட்டப்பட்டது என்பதே பொருள்.

நம் நாட்டில் நடந்தவை

சிங்கப்பூரில் இவ்விஷயம் முதன்முதலாகப் பரபரப்பாகப் பேசப்பட்டது 2007ஆம் ஆண்டில். ஜப்பானியக் கேலிச்சித்திரப் படங்களை இங்கு விநியோகித்து வந்த ஓடெக்ஸ் என்னும் நிறுவனம், சிங்நெட், ஸ்டார்ஹப், பசிபிக் இண்டர்நெட் ஆகிய சேவை நிறுவனங்களிடமிருந்து சந்தாதாரர் விவரங்களைக் கோரியது. விவரம் கிடைத்தவர்களுக்குக் கடிதங்கள் போயின. 3,000 முதல் 5,000 வெள்ளி வரை கேட்கப்பட்டது. படம் இறக்கியவர்களில் பலர் பள்ளி மாணவர்கள். கடிதம் வந்ததோ பெற்றோர் பெயருக்கு. பிள்ளையின் அறையில் நடப்பது என்ன என்பதைக் கடிதத்தைப் படித்துத் தெரிந்துகொண்ட பெற்றோர் அன்று பலர் இருந்தனர்.

ஆனால் பசிபிக் இண்டர்நெட் விஷயத்தில் மாவட்ட நீதிமன்றம் ஓடெக்ஸின் கோரிக்கையை மறுத்தது. காரணம், விவரம் கேட்கும் தகுதி அந்நிறுவனத்துக்கு உண்டா என்பதே. உரிமையாளரோ, தனியுரிமம் பெற்றவரோ அல்லாத ஒருவர் சந்தாதாரர்களின் விவரத்தைக் கேட்க முடியாது என்று முடிவாயிற்று. 2008இல் உயர் நீதிமன்றமும் ஓடெக்ஸின் தகுதியைப் பற்றி அவ்வாறே கூறியது. எனினும் வழக்கில் வந்து சேர்ந்த ஜப்பானிய உரிமை நிறுவனங்களுக்கு விவரம் வழங்க உத்தரவிட்டது. இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. கேட்பவர் எல்லாருக்கும் கேட்கும் உரிமை இல்லை என்பது ஒன்று. உண்மையான உரிமையாளர் முறைப்படி வந்தால் நீதிமன்றம் கதவை அடைப்பதில்லை என்பது மற்றொன்று.

2015ஆம் ஆண்டு ஏப்ரலில், டாலஸ் பையர்ஸ் கிளப் என்னும் அமெரிக்கத் திரைப்படத்தின் உரிமையாளர் சார்பில் 500க்கும் மேற்பட்ட சந்தாதாரர்களுக்குக் கடிதங்கள் வந்தன. சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 ஆகிய மூன்று நிறுவனங்களின் வாடிக்கையாளரும் அவர்களுள் இருந்தனர். பணம் கேட்கும் கடிதத்தில் குற்றவியல் நடவடிக்கையைச் சுட்டி அச்சுறுத்துவது முறையா என்று இணையச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளை வழக்கறிஞர் சங்கத்திடம் முறையிட்டது. பின்னர் 2016இல் அதே திரைப்பட நிறுவனமும் மற்றொரு நிறுவனமும் மேலும் பலரின் விவரங்களைக் கோரி உயர் நீதிமன்றத்தை அணுகின. இம்முறை தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகம் வழக்கில் தலையிட்டது. அளிக்கப்பட்ட ஆதாரம் போதாது என்று 2017இல் கோரிக்கை மறுக்கப்பட்டது.

ஆகவே நம் நாட்டு நீதிமன்றங்கள் உரிமையாளருக்கும் காது கொடுக்கின்றன. சந்தாதாரரின் அந்தரங்கத்தையும் மலிவாக விற்பதில்லை.

சட்டம் கேட்கும் கேள்விகள்

இப்பொழுது நடைமுறையில் இருப்பது 2021ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். அவ்வாண்டு நவம்பர் 21இல் அது அமலுக்கு வந்தது; 1987ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக அமைந்தது. சந்தாவில் பெயர் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒருவரை மீறலுக்குப் பொறுப்பாளி ஆக்குவது பதிப்புரிமைச் சட்டத்தின் முறை அன்று. பொறுப்பு இரண்டு வழிகளில் வரும். தாமே மீறலைச் செய்வது ஒரு வழி. பிறர் செய்வதற்கு அதிகாரமளிப்பது மற்றொரு வழி.

முதல் வழி எளிதில் விளங்கும். இரண்டாவதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அதிகாரமளித்தல் என்றால் வாயால் "செய்" என்று சொல்வது மட்டும் அன்று. 1975இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. நியூ சௌத் வேல்ஸ் பல்கலைக்கழக நூலகத்தில் நகலெடுக்கும் இயந்திரம் வைக்கப்பட்டிருந்தது. ஒருவர் எழுத்தாளர் ஃபிராங்க் மூர்ஹவுஸின் நூலிலிருந்து ஒரு கதையை அதில் நகலெடுத்தார். இயந்திரத்தை வைத்தது பல்கலைக்கழகம்; நூலைக் கொடுத்ததும் பல்கலைக்கழகம்; முறைகேடாக நகலெடுப்பதைத் தடுக்கத் தக்க ஏற்பாடு செய்யவில்லை. ஆகையால் பல்கலைக்கழகமே அதிகாரமளித்ததாகும் என்று தீர்ப்பாயிற்று. நூலகத்தார் ஒருவரும் அந்தப் பொத்தானை அழுத்தவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

நம் நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010இல் ரெக்கார்ட் டிவி என்னும் நிறுவனத்துக்கும் மீடியாகார்ப் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், அதிகாரமளித்தலை ஆராய நான்கு விஷயங்களைக் குறிப்பிட்டது. மீறல் நடந்த கருவி அவர் கட்டுப்பாட்டில் இருந்ததா? மீறியவருக்கும் அவருக்கும் உள்ள உறவு என்ன? தடுப்பதற்கு நியாயமான நடவடிக்கை எடுத்தாரா? நடப்பதையோ, நடக்கக்கூடும் என்பதையோ அவர் அறிந்திருந்தாரா, அறிந்திருக்க வேண்டியவரா? அது ஒரு வியாபார நிறுவனத்தைப் பற்றிய வழக்கு. அதில் ரெக்கார்ட் டிவி பொறுப்பாளி அல்லவென்றே முடிவாயிற்று. எனினும் அந்நான்கு கேள்விகளையும் ஒரு குடும்பத் தலைவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வது பெரும் பயன் தரும்.

ரவுட்டர் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது. வாடகைக்காரர் உங்கள் கூரையின் கீழ் இருக்கிறார். இவ்விரண்டையும் மாற்ற முடியாது. தடுக்க முயன்றீர்களா, அறிந்தும் வாளா இருந்தீர்களா என்னும் கடைசி இரண்டும் உங்கள் கையில் உள்ளன. ஒன்றும் அறியாதிருந்தவருடைய நிலை வேறு. "பையன் படம் இறக்கிக் கொடுப்பான், எல்லாரும் சேர்ந்து பார்ப்போம்," என்று சிரித்துக்கொண்டிருந்தவருடைய நிலை வேறு.

தண்டனையைப் பற்றியும் சுருங்கச் சொல்வோம். உரிமையாளர் தொடுக்கும் சிவில் வழக்கில், நஷ்டத்தைக் கணக்கிட்டு நிரூபிப்பதற்குப் பதிலாகச் சட்டம் வகுத்துள்ள ஈட்டைக் கோரலாம். அது ஒரு படைப்புக்கு 10,000 வெள்ளி வரை போகும். மனமறிந்து, பெருமளவிலோ வியாபார லாபத்துக்காகவோ செய்யும் மீறல் குற்றமாகும். முதல் முறைக்கு 20,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். உரிமையற்ற ஒளிபரப்பைக் காட்டும் பெட்டிகளை விற்பவர்களுக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கடுமையான தண்டனையை வகுத்துள்ளது. 2022 அக்டோபரில் சிம் லிம் ஸ்குவேரில் காவல் துறையினர் சோதனையிட்டு அத்தகைய பெட்டிகளைக் கைப்பற்றினர். கடையில் பகிரங்கமாக விற்கிறார்கள் என்பதனால் பொருள் ஹலாலாகிவிடாது.

அனுமதியின்றிப் பக்கத்து வீட்டார் நம் இணைப்பில் நுழைந்தால் என்ன? அது வேறு விஷயம். கணினி முறைகேட்டுச் சட்டத்தின்படி அப்படி நுழைவதே குற்றம். அண்டை வீட்டாரின் பூட்டப்படாத வைஃபையை உபயோகித்த 17 வயது இளைஞர் ஒருவருக்கு 2007ஆம் ஆண்டில் 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. "திறந்து கிடந்தது, எடுத்துக்கொண்டேன்," என்பது செருப்புக்கும் செல்லாது, இணையத்துக்கும் செல்லாது.

பிற நாடுகளின் தீர்ப்புகள்

பொது இணைப்பைப் பற்றி நேரடியாக எழுந்த வழக்குகள் பிற நாடுகளில் உள்ளன. அவை நம் நாட்டு நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்துவன அல்ல. ஆயினும் அறிவுடையோர் இதனை எவ்வாறு நிறுத்துப் பார்த்தனர் என்பதை அவற்றால் அறியலாம்.

ஜெர்மனியில் 2010ஆம் ஆண்டு மே 12இல் ஒரு தீர்ப்பு வந்தது. ஒருவர் விடுமுறைக்கு வெளியூர் சென்றிருந்தார். அந்நேரத்தில் அவருடைய இணைப்பின் வழியாக ஒரு பாட்டு பகிரப்பட்டது. அவர் செய்யவில்லை என்பது தெளிவு. ஆதலால் நஷ்டஈடு கட்ட வேண்டியதில்லை என்று அந்நாட்டின் உச்ச சிவில் நீதிமன்றம் கூறியது. ஆனால் வைஃபையைத் தக்க கடவுச்சொல்லால் காக்காமல் விட்டது அவர் குறை. இனி அவ்வாறு நேராமல் தடுக்கும் பொறுப்பு அவருடையது என்றும் கூறியது.

2016 செப்டம்பர் 15இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் இதே பாதையில் சென்றது. ஒலி, ஒளிக் கருவிகள் விற்கும் ஜெர்மானியக் கடைக்காரர் ஒருவர், தம் கடையில் வைஃபையை எல்லாருக்கும் திறந்து விட்டிருந்தார். யாரோ அதன் வழியாக இசையைப் பகிர்ந்தார். கடைக்காரர் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பல்லர். ஆனால் கடவுச்சொல் வைக்குமாறும், அதைப் பெறுவோர் தம்மை இன்னார் என்று தெரிவிக்குமாறும் நீதிமன்றம் உத்தரவிடலாம் என்று முடிவாயிற்று.

2018இல் வந்த இரண்டு தீர்ப்புகள் மிகவும் கவனிக்கத்தக்கவை. அவ்வாண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், தி காப்ளர் என்னும் திரைப்படத்தின் வழக்கைத் தீர்த்தது. சந்தாதாரர் பராமரிப்பு தேவைப்படும் வயது வந்தோருக்கான இல்லம் ஒன்றை நடத்தியவர். அவ்வில்லத்தில் இருப்போரும் வருவோரும் அதே இணைப்பை உபயோகித்தனர். இணைப்பு அவர் பெயரில் இருப்பதை மட்டும் காட்டி, மீறியவர் அவரே என்று வழக்காட முடியாது என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது.

அதே ஆண்டு அக்டோபர் 18இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தில் மறுபக்கம் வெளிப்பட்டது. ஒருவருடைய இணைப்பின் வழியாக ஓர் ஒலிநூல் பகிரப்பட்டது. அவர், "நான் செய்யவில்லை. என் பெற்றோரும் இதே இணைப்பை உபயோகிக்கக் கூடியவர்களே," என்று சொல்லி, அதற்குமேல் எதுவும் சொல்ல மறுத்தார். குடும்பத்தின் அந்தரங்கம் மதிக்கப்பட வேண்டியதே. ஆனால் குடும்பத்தாரின் பெயரைத் திரையாக இழுத்துவிட்டு உரிமையாளருக்கு எந்தப் பரிகாரமும் இல்லாதபடி செய்யச் சட்டம் இடம் கொடுக்கலாகாது என்று நீதிமன்றம் கூறியது.

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் நடுவழி தென்படும். பிறர் செய்த மீறலை உம் தலையில் ஏற்றுவதில்லை. ஆனால் உம் வாசலைக் காக்கும் கடமையிலிருந்து உமக்கு விடுதலையும் இல்லை.

மார்க்கம் கூறும் இரு கருத்துகள்

இந்நடுவழி நமக்குப் புதியதன்று. ஓர் ஆத்மாவின் பாவச் சுமையை மற்றோர் ஆத்மா சுமக்காது என்பது திருக்குர்ஆன் பல இடங்களில் உணர்த்தும் நீதி. அதே சமயம், நம்மில் ஒவ்வொருவரும் ஒரு மேய்ப்பரைப் போன்றவர். தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி வினவப்படுவார் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. மேய்ப்பர் ஆட்டின் குற்றத்துக்காகத் தண்டிக்கப்படுவதில்லை. வேலியை அடைத்தாரா என்று கேட்கப்படுகிறார்.

"கண்ணுக்குத் தெரியாத பொருளை எடுப்பதும் திருட்டா?" என்று சில வாலிபர் கேட்பதுண்டு. எழுத்து, இசை, கண்டுபிடிப்பு ஆகியவற்றில் படைத்தவருக்குள்ள உரிமை ஷரீஅத்தில் மதிக்கப்படுவது. அதனை மீறுவது கூடாது என்று 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்துள்ளது. இஃது அடியார்களின் உரிமையைச் சேர்ந்தது. தொழுகையில் நேர்ந்த குறைக்கு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்கலாம். அடியாருக்குச் செய்த குறையை அந்த அடியாரிடமே தீர்க்க வேண்டும் என்பதை ஹஸ்ரத்மார்கள் நமக்குச் சொல்லியே வந்திருக்கின்றனர்.

மேலும் இரண்டு கட்டளைகள் இங்கு நினைவுகூரத்தக்கவை. சந்தேகத்தை வளர்த்துப் பிறர் மீது பழி சுமத்தாதிருக்க வேண்டும் என்பது ஒன்று. சாட்சியம் நமக்கோ நம் பெற்றோர் உறவினருக்கோ பாதகமாயினும் நீதியில் நிலைத்திருக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது, அறைப் பையன்கள் மீது ஆதாரமின்றிக் குற்றம் சாட்டும் வீட்டாருக்கு உரியது. இரண்டாவது, சொந்த மகன் என்றதும் மூடி மறைக்கும் வீட்டாருக்கு உரியது. ஏழையென்றும் அயலூரானென்றும் ஒருவன் மீது எளிதில் விரல் நீள்கிறது. அந்த விரலை மடக்கிக்கொள்வதே நாம் கற்க வேண்டிய அதபு.

கடிதம் வந்தால்

நாம் வழக்கறிஞர்கள் அல்லோம். ஆயினும் பொது அறிவுக்கு எட்டியதைச் சொல்கிறோம். முதலாவது, கடிதத்தைக் கிழித்துப் போட வேண்டாம். அதிலுள்ள கெடுவைக் குறித்துக்கொள்ளவும். இரண்டாவது, பயந்து அன்றே பணம் அனுப்ப வேண்டாம். எழுதிய நிறுவனம் உண்மையானதா, உரிமையாளரின் சார்பில் எழுதுகிறதா, எந்தத் தேதி, எந்த நேரம், எந்தப் படைப்பு என்பவற்றைக் கவனிக்கவும். இக்காலத்தில் மோசடிக் கடிதங்களும் உண்டு. மூன்றாவது, கணினியையோ ரவுட்டரையோ அழித்துத் துடைக்க வேண்டாம். அது குற்றமற்றவரையும் குற்றவாளியாகக் காட்டும். நான்காவது, பதில் எழுதுமுன் வழக்கறிஞர் ஒருவரின் யோசனையைக் கேட்கவும். வசதி குறைந்தோருக்கு அரசாங்கத்தின் சட்ட உதவிப் பிரிவும், இலவசச் சட்ட ஆலோசனை முகாம்களும் இருக்கின்றன. ஐந்தாவது, பொய் சொல்ல வேண்டாம். வழக்கறிஞரிடம் சொல்லும் பொய் நம்மையே கெடுக்கும்.

வரும் முன் காக்க

கடவுச்சொல்லைப் பெட்டியில் அச்சிட்டு வந்தபடி விட்டுவிடாமல் மாற்றுவது நல்லது. ரவுட்டர்கள் பலவற்றில் விருந்தினருக்கெனத் தனி வைஃபை வைக்கும் வசதி உண்டு. வாடகைக்காரருக்கும் விருந்தினருக்கும் அதனைக் கொடுக்கலாம். வாடகைக்காரர் வெளியேறியதும் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் இணையத்தைச் சட்டத்துக்குட்பட்டே உபயோகிப்பதாக ஒரு வரி சேர்த்தால், தடுக்க நீங்கள் முயன்றதற்கு அதுவே அத்தாட்சியாகும். கைவசம் பணமுள்ள வாடகைக்காரர் தமக்கெனத் தனிச் சந்தா வைத்துக்கொண்டால் இன்னும் நலம்.

பிள்ளைகளிடம் "கூடாது" என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல் நல்ல வழியையும் காட்ட வேண்டும். நார்த்பாயிண்ட் சிட்டியில் உள்ள ஈசூன் பொது நூலகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். தேசிய நூலக வாரியத்தின் செயலி வழியாக மின்னூல்களையும் ஒலிநூல்களையும் செலவின்றி, உரிமையோடு இரவல் பெறலாம்.

மீண்டும் அந்த வீடு

உதாரணத்தை இவ்வாறு முடிப்போம். குடும்பத் தலைவர் பணமும் கட்டவில்லை. பையன்களையும் போகச் சொல்லவில்லை. அந்த வெள்ளிக்கிழமை இரவு எல்லாரையும் ஒரே விரிப்பில் உட்காரவைத்துக் கடிதத்தை வாசித்துக் காட்டினார். "யார் செய்தது என்று கேட்க வரவில்லை. அன்றிரவு பதினொன்றே முக்காலுக்கு வீட்டில் எந்தெந்தக் கருவி ஓடிக்கொண்டிருந்தது என்று மட்டும் சொல்லுங்கள்," என்றார்.

அறைப் பையன்கள் இருவரும் அவ்வாரம் முழுதும் இரவு வேலையில் இருந்தனர். மகள் யோசித்துப் பார்த்துவிட்டு, மடிக்கணினியைக் கொண்டுவந்தாள். சில வாரங்களுக்கு முன் கல்லூரியில் ஒரு தோழி அதில் ஒரு படத்தை இறக்கிக் கொடுத்திருந்தாள். அந்த டோரண்ட் செயலி, கணினியைத் திறக்கும்போதெல்லாம் தானே எழுந்து வேலை செய்துகொண்டிருந்தது. பாடம் எழுதத் திறந்த இரவிலும் அது படத்தை விநியோகித்துக்கொண்டிருந்தது. "படத்தை நான் இறக்கவில்லை, அத்தா. ஆனால் வாங்கிக்கொண்டேன், பார்த்தேன்," என்று அழுதாள்.

தலைவர் மகளைக் கடிந்துகொள்ளவில்லை. மறுநாள் அவளையும் அழைத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னார். அதற்கு முன்பு அவர் ஒரு காரியம் செய்தார். மனைவியோடு அறைக் கதவைத் தட்டி, "தம்பிகளா, உங்கள் மீது தவறாக எண்ணிவிட்டோம். மாப்பு செய்யுங்கள்," என்றார். பையன்களுக்கு அப்படி ஒரு சந்தேகம் எழுந்ததே தெரியாது. தெரியாதவரிடமும் மன்னிப்புக் கேட்டது, தம் மனத்தைச் சுத்தம் செய்வதற்காக.

குளிர்பதனப் பெட்டியின் கதவிலிருந்த துண்டுத் தாளை அன்றே எடுத்துவிட்டார்கள்.

வகுப்பில் கலந்து பேசுவதற்கு

1. இணைய முகவரி எதைக் காட்டுகிறது? எதைக் காட்டுவதில்லை?

2. மூர்ஹவுஸ் வழக்கில் பல்கலைக்கழகம் ஏன் பொறுப்பாயிற்று? நம் வீட்டு ரவுட்டருக்கும் அந்த நகல் இயந்திரத்துக்கும் உள்ள ஒற்றுமை என்ன? வேற்றுமை என்ன?

3. குடும்பத்தாரைக் காப்பதற்கும், குடும்பத்தாரின் பின்னே ஒளிந்துகொள்வதற்கும் எல்லை எங்கே?

4. உங்கள் வீட்டு இணையத்தின் கடவுச்சொல் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? இவ்வார முடிவுக்குள் எண்ணிப் பார்த்து வரவும்.

நம் வாசல்களையும் நம் உள்ளங்களையும் காத்துக்கொள்ளும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.